தண்ணீரில் இருப்பவன் சொல்லக் கூடாது

1

இந்தக் கதை வெண்ணெயில் தொடங்கியது.

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, தன் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரொட்டியில் தடவிக் கொடுத்த வெண்ணெயைக் கத்தியின் முதுகால் வழித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தது. ஏன் என்று பெரியம்மா கேட்டாள். "இல்லாமலே முடியும்" என்றது குழந்தை. அடம் இல்லை, கோபம் இல்லை. நாளைக்குப் பனி விழும் என்று பெரியவர்கள் சொல்வதுபோலச் சொன்னது.

அந்த மேசையில் நானும் இருந்தேன். எந்த இடத்தில் என்பது கதைக்கு வேண்டாம். கேட்டதும் முதுகில் குளிர் ஏறியது. [தேய்ந்துபோன தொடர். ஆனால் அன்று உண்மையிலேயே முதுகில்தான் ஏறியது. விட்டுவைக்கிறேன்.]

வெண்ணெய் வேண்டாம் என்று சொல்லாத குழந்தை உண்டா, இதற்கு ஒரு பயமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கதை. பதில் முழுதாக என்னிடம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

கடவுளை நம்பாதவனுக்குத் துறவு எதற்கு? நம்புகிறவன் உலகத்தைக் கொடுத்து வேறொன்றைப் பெறுகிறான். பெறுவது பொய்யாகவே இருந்தாலும் அவன் மனதில் அது இருக்கிறது. நம்பாதவனும் கொடுக்கிறான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் கை நீட்டி வாங்கிக்கொள்ள

நிறுத்திவிட்டேன். இது கட்டுரை. கட்டுரையில் யாருக்கும் குளிராது.

அடுத்து எழுதியது:

பிப்ரவரியில் சுப்பீரியர் ஏரியின் நிறம்

இதுவும் வேண்டாம். நிறத்தில் தொடங்குகிறேன் என்றால் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன் என்று பொருள்.

பிறகு இப்படி ஒரு வரி வந்தது: அர்வோ ஒரு நாள் காலையில் வீட்டு ஹீட்டரைக் குறைத்தான். இந்த வரியில் பொய் இல்லை. இங்கிருந்து போகலாம்.

3

அர்வோ ஒரு நாள் காலையில் வீட்டு ஹீட்டரைக் குறைத்தான். இந்த ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் அதை அடியோடு அணைக்க முடியாது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். அதனால் குழாய் வெடிக்காத அளவுக்கு மட்டும் வைத்தான். அந்த வீட்டில் அவன் இரக்கம் காட்டியது குழாய்களுக்குத்தான். மகள் ஹெல்மியின் அறையில் தனியாக ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வைத்தான். அதை இரக்கம் என்று அவன் நினைக்கவில்லை. கடமை என்று நினைத்தான்.

முப்பதைச் சற்றுத் தாண்டியவன். மாவட்டத்து நீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை. கல்லூரியில் வேதியியல் படித்தவன். பூட்டனார் காலத்தில் பின்லாந்திலிருந்து அமெரிக்காவின் இந்த ஏரிக்கரைக்குச் செப்புச் சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். சுரங்கம் மூடியது, குடும்பம் போகவில்லை. அவன் மனைவி சைமா அக்டோபரில் இறந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. சமையலறையில் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள்.

அவன் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு கதகதப்பாக இருந்தது. கெட்டில் வற்றி இரும்பு வாடை அடித்தது. அவள் தரையில் கிடந்தாள். அவளுக்கு நேர் மேலே சுவரில், வீட்டின் சூட்டைத் திருகி வைக்கும் தெர்மோஸ்டாட் இருந்தது. வீடு அதில் வைத்த சூட்டில் இருந்தது. அடித்தளத்தில் ஹீட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஹீட்டருக்குப் பிறகு சர்க்கரை. அதற்குப் பிறகு காப்பி. (இந்த ஊரில் ஒருவன் காப்பியை விடுவது மதம் மாறுவதற்குச் சமம். மதம் இல்லாதவர்கள் நடுவில் அதைவிடப் பெரிய செய்தி கிடையாது.) பிறகு பாட்டு கேட்பதை விட்டான். கட்டிலை விட்டுத் தரையில் படுத்தான். மதியச் சாப்பாட்டை விட்டான். கையுறையை விட்டான். ஒவ்வொன்றையும் விடும்போது வலித்தது. கொஞ்ச நாளில் வலி நின்றது. நின்றதும் உள்ளே சின்னதாக ஒரு வெற்றி. உடனே அடுத்தது. யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: இல்லாமலே முடியும்.

சோதனைக் கூடத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் ஆள் இளைத்துக் களையாகிவிட்டான் என்றார்கள். காலையில் ஓடுகிறாயா என்று ஒருத்தி கேட்டாள். ஓடுகிறேன் என்றான்.

(இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சைமா இறந்தாள், அதனால் அவன் துறந்தான் என்று நான் எழுதவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தால் காரணம் மாதிரித் தெரிகிறது. அது வரிசை செய்யும் வேலை. என்னிடம் வேறு வரிசை இல்லை.)

4

இந்த ஊரில் எங்களில் இரண்டு வகை உண்டு. சர்ச்சுக்குப் போகிறவர்கள், தொழிலாளர் மன்றத்துக்குப் போகிறவர்கள். மன்றத்துக்காரர்களுக்குப் பூட்டனார் காலத்திலிருந்தே கடவுள் கிடையாது. பாதிரியும் கிடையாது. குடிக்க மாட்டோம் என்ற சபதம் இருந்தது, நாடகம் இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. இப்போது மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும்தான். கூடவே ஒரு பழக்கம். பழைய காப்பி டப்பா ஒன்றில் யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வியை எழுதிப் போடலாம். வாரம் ஒன்றை எடுத்துப் பேசுவார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு வந்த கேள்வி: சாமி இல்லாதவர்களுக்கு விரதம் எதற்கு?

யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. ரித்வாவின் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். ரித்வா சைமாவின் அக்கா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள்.

பனி தள்ளும் வண்டி வைத்திருக்கும் தவுனோ முதலில் வாயைத் திறந்தான். "சாமி இல்லாம பட்டினி கிடந்தா அதுக்குப் பேரு டயட்."

எல்லாரும் சிரித்தார்கள். எதிரில் இருந்த இம்பி என்பவள் மட்டும் சிரிக்கவில்லை. தன் தாத்தா குடியை விட்டதற்கு எந்தப் பாதிரியும் காரணம் இல்லை என்று நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். தவுனோ விடவில்லை. "உங்க தாத்தா குடிய விட்டாரு, சரி. குடி அவர விட்டுச்சா?" மறுபடி சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்காக ரித்வா காத்திருந்தாள். அப்புறம் அர்வோவைப் பார்க்காமல் அவனிடம் பேசினாள். அந்தக் காலத்து ஆட்கள் வேலைநிறுத்தத்தின்போது அரை வயிறு சாப்பிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பால் கிடைத்தது என்றாள். "நீ காப்பிய விட்ட. அது யாருக்குப் போச்சு?"

"யாருக்கும் போகல."

"அப்புறம் எதுக்கு?"

"பயம் இல்லாம இருக்கறதுக்கு" என்றான் அர்வோ. "கையில எதுவும் இல்லைன்னா பிடுங்கறதுக்கும் எதுவும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. தவுனோ எழுந்து, கேட்காமலே, அர்வோவின் கோப்பையை நிரப்பினான். அர்வோ அதைத் தொடவில்லை. மேலே மெல்லிய ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். தொடாமல் இருக்க முடிந்ததில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

ஏனென்றால் அவன் சொன்னது முட்டாள்தனம் இல்லை. நாள் முழுக்கக் கையில் இருக்கும் போன் "இன்னும்" என்கிறது. கடை "இன்னும்" என்கிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனை எவரும் ஆட்டிவைக்க முடியாது. அதற்குச் சாமி தேவையில்லை. இத்தனை மாதத்தில் அர்வோ ஒரு முறைகூடக் கடையில் நின்று குழம்பவில்லை. அவன் அளவுக்குத் தெளிவான ஆள் அந்த மன்றத்தில் அன்று இல்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். நம்புகிறவனின் நோன்புக்கு ஒரு முடிவு இருக்கிறது. பிறை தெரியும், மணி அடிக்கும், பண்டிகை வரும். யாரோ எப்போதோ வரைந்த கோடு. அதைத் தாண்டிப் பட்டினி கிடந்தால் அவன் மதமே அவனைத் திட்டும். நம்பாதவனின் விரதத்துக்குப் பண்டிகை கிடையாது. அவன் இறங்கிக்கொண்டே போகலாம். அடி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான்.

[இந்தப் பத்தி மறுபடியும் கட்டுரை. தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். அடுத்ததை எழுதாமல் இருப்பதற்காக.]

6

ஐந்தாம் பகுதி சைமாவைப் பற்றியது. எழுதினேன். எடுத்துவிட்டேன். துறந்தேன் என்றும் சொல்லலாம்.

ஆறாம் பகுதியில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பின்னால் வருவது புரியாது.

இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு சவுனா இருக்கும். மரத்தால் கட்டிய சூட்டு அறை. ஏரிக்கரையில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் ஒரு துளை வெட்டி அதில் மர ஏணி இறக்கியிருப்பார்கள். சூட்டில் வெந்துவிட்டு நேராகப் போய் அந்தத் தண்ணீரில் இறங்குவது வழக்கம். கழுத்துவரை.

விதி இதுதான். இறங்கியவன் எப்போது ஏறுவது என்பதை அவன் முடிவு செய்யக் கூடாது. ஏணிக்கு மேலே, பனிக்கட்டியின் மீது, ஒருவர் நிற்க வேண்டும். அவர் பார்த்து "போதும்" என்பார். உடனே ஏற வேண்டும். இன்னும் கொஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தவுனோ எத்தனை குடித்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஏறிவிடுவான். கடவுளையும் அரசாங்கத்தையும் வங்கியையும் நம்பாத மன்றத்துக்காரர்கள் கேள்வி கேட்காமல் கட்டுப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

காரணம் எளிது. அந்தக் குளிர் முதலில் குத்தும். பிறகு எரியும். பிறகு வலி நின்றுவிடும். நின்றபின் இதமாக இருக்கும். அந்த இதம்தான் ஆபத்து. அந்த நேரத்தில் உள்ளே இருப்பவனைக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பான். பொய் சொல்ல மாட்டான். அவனுக்கு அப்படித்தான் இருக்கும். அதனால்தான் அவனைக் கேட்பதில்லை.

கல்யாணமானதிலிருந்து அர்வோவுக்கு "போதும்" சொன்னது சைமா. கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிடுவாள். சவுனாவில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள், புருஷன் என்ன பச்சை மீனா, கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போக என்று. அவள் கவலைப்பட மாட்டாள்.

அவளுக்குப் பின் அவன் ஏரிப் பக்கம் போகவில்லை. போகத் தேவைப்படவில்லை. வீட்டுக்குள்ளேயே துளை வெட்டியாகிவிட்டது. மேலேதான் யாரும் நிற்கவில்லை.

7

பிப்ரவரி. ஒரு நாள் காலையில் ஹெல்மியைப் பள்ளிக்கு எழுப்பப் போனான் அர்வோ. கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. சின்ன ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. அவன் மடிப்பதுபோலவே, மூலைக்கு மூலை.

ஹெல்மி தரையில் கிடந்தாள்.

[இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். தரையில் ஒரு உடல் கிடப்பதை அவன் இரண்டாம் முறை பார்க்கிறான் என்பது உங்களுக்கே தெரியும்.]

அவள் கண்ணைத் திறந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. பக்கத்தில் பொம்மை கிடந்தது, அதன் கோட்டையும் கழற்றியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள். பரிசு வாங்கிய பிள்ளையின் சிரிப்பு.

"முதல்ல வலிச்சுதுப்பா" என்றாள். "இப்ப இல்ல."

அவளைத் தூக்கினான். இரண்டு பாதங்களையும் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அழுத்திக்கொண்டான். எந்தத் தகப்பனும் செய்வது. பாதம் சூடாகவில்லை. வயிற்றில் சூடு இருந்தால்தானே. குழந்தை உள்ளங்காலை நகர்த்தி இடம் தேடியது. எங்கும் கிடைக்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டே சமையலறைக்கு ஓடினான். சுவரில் தெர்மோஸ்டாட். கை நீட்டினால் எட்டும். திருகினால் கீழே ஹீட்டர் பிடித்துக்கொள்ளும். சற்று நேரத்தில் வீடு கதகதப்பாகிவிடும்.

கதகதப்பான வீடு. அதே சமையலறை.

கை பாதியில் நின்றது.

திருகினான் என்று எழுதிப் பார்த்தேன். தயங்கித் திருகினான் என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு திருகினான் என்று எழுதினேன். எதுவும் நிற்கவில்லை. அவன் திருகவில்லை. விடுவது தன் விருப்பம் என்று நினைத்திருந்தவன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றபோது, தனக்கு அப்படி ஒரு விருப்பமே மிச்சமில்லை என்று கண்டுகொண்டான். எதை வேண்டுமானாலும் நிறுத்தத் தெரிந்தவனுக்கு நிறுத்துவதை நிறுத்தத் தெரியவில்லை.

போர்வையில் சுற்றி அவளைக் காருக்குக் கொண்டுபோனான். காரில் ஹீட்டரை முழுதாகப் போட்டான். அது முடிந்தது. காரில் யாரும் சாகவில்லை.

ரித்வா வீட்டில் ஹெல்மிக்குக் கம்பளிக் காலுறை கிடைத்தது, சூடான பால் கிடைத்தது. உதட்டின் நிறம் திரும்பியது. ரொட்டியில் வெண்ணெய் தடவி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை முதல் பகுதியில் சொல்லிவிட்டேன்.

குழந்தை வழித்து வைத்த வெண்ணெயை ரித்வா பார்த்தாள். பிறகு அர்வோவைப் பார்த்தாள்.

(ரித்வாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் அவள் இந்த இடத்தில் அழுதாள். ஆறுதலாகப் பேசினாள். எடுத்துவிட்டேன். அவள் ஆறுதல் சொல்கிற பெண் இல்லை. ஆனால் அப்படி எடுத்ததால்தான் பின்னால் அவள் அதைச் செய்யும்படி ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. கொஞ்சம் மென்மையானவளாக எழுதியிருக்கலாம்.)

"இவ இங்கயே இருக்கட்டும்" என்றாள் ரித்வா.

"எத்தன நாளைக்கு?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும். நீயா. வாயத் திறந்து."

"அவ என் பொண்ணு, ரித்வா."

"ஆமா. அப்படியே உன்ன மாதிரியே இருக்கா. அதான் இப்ப பிரச்சினை."

ரித்வா குரலைத் தாழ்த்தினாள். குழந்தை இதற்குள் பக்கத்து அறைக்குப் போயிருந்தது.

"செத்தது என் தங்கச்சி. நான் தெனம் பஸ் ஓட்டறேன். சாப்பிடறேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டு அழறேன். மறுபடி வந்து சாப்பிடறேன். நீ மட்டும்தான் அவளுக்காக ஏதோ செய்யற மாதிரி நடந்துக்காத."

சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தான். ஒரு சொல்தான். நாக்கு எழவில்லை. ரித்வா காத்திருந்து பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சனிக்கிழமை சவுனா போடறேன். வா."

8

சனிக்கிழமை பிற்பகல். காற்று இல்லை. வெளிச்சம் சாம்பல் நிறம்.

ரித்வா வீட்டின் ஏரிக்கரைச் சவுனாவில் மூவரும் இருந்தார்கள். ஹெல்மி கீழ்ப்பலகையில். அப்பாவின் விலா எலும்புகளை விரல் வைத்து எண்ணிவிட்டு, "உனக்கு நெறைய இருக்குப்பா" என்றாள். அவனிடம் நிறைய இருப்பதாக யாரோ சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. ரித்வா அடுப்பின் மேல் சூடேறிய கற்களில் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்தது. அர்வோவின் உடம்பு பல மாதங்களுக்குப் பின் சூட்டை உணர்ந்தது. சுட்டதா, பிடித்திருந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

குழந்தையை உடை மாற்றும் அறையில் துண்டு சுற்றி, காலுறை மாட்டி உட்காரவைத்துவிட்டு இருவரும் வெளியே போனார்கள். அர்வோ ஏணியில் இறங்கினான். ரித்வா கம்பளித் தொப்பியும் அங்கியுமாக மேலே நின்றாள்.

குத்தியது. எரிந்தது. அவன் மூச்சை அடக்கிச் சமாளித்தான். சைமாவாக இருந்தால் இப்போது சொல்லியிருப்பாள் என்ற நேரம் வந்தது, போனது. சாதாரண ஆட்கள் சொல்லும் நேரமும் வந்தது. மேலே பார்த்தான். ரித்வா அங்கேதான் நின்றாள். அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரித்வா."

"என்ன."

"சொல்லு."

"நீ சொல்லு."

"தண்ணியில இருக்கறவன் சொல்லக் கூடாது."

"அக்டோபர்லேர்ந்து நான் சொல்லிட்டுதான் இருக்கேன்" என்றாள் ரித்வா. "என்னிக்காவது ஏறுனியா?"

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

அவள் நினைத்தது இது. நான் சொன்னால் என் சொல்லுக்கு ஏறுவான். நாளைக்கு வீட்டுக்குப் போய் மறுபடி இறங்குவான். அங்கே நான் இருக்க மாட்டேன், பிள்ளை இருக்கும். ஒரு முறையாவது அவனாக ஏற வேண்டும். குளிர் ஏற்றிவிடும். எவ்வளவு நேரம்தான் நிற்பான்.

அவன் நினைத்தது இது. அவள் சொல்லிவிடுவாள். சொல்லாமல் இருக்க மாட்டாள். இந்த ஏரியில் இதுவரை யாரும் சொல்லாமல் இருந்ததில்லை.

இந்த ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு இது. வேறு ஊர்க்காரன் என்றால் குளிருகிறது என்று ஏறிப் போயிருப்பான்.

ரித்வா பிறகு என்னிடம் சொன்னது:

[அடித்துவிட்டேன். பிறகு என்று எழுதினால் பிறகு என்று ஒன்று இருந்தது என்றாகிவிடும். எனக்கு அது தெரியாது. இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது தெரியாது.]

உடை மாற்றும் அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கை அதை வட்டமாகத் துடைத்தது. வட்டத்துக்குள் ஹெல்மியின் முகம். அவள் பயப்படவில்லை. குளிரில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் ஒரு கம்பளிக் காலுறை இருந்தது.

ரித்வாவுக்கு ஜன்னல் பக்கம் முதுகு.

அர்வோ பார்த்தான். ஏணியின் படியில் இருந்த தன் விரல்களைப் பார்த்தான். அவை யாருடையவோ போல இருந்தன. சொல்ல வாயைத் திறந்தான். தாடை ஒத்துழைக்கவில்லை. அதற்குள் வலி நின்றுவிட்டது.

9

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ரித்வா சொல்கிறாள். அவன் ஏறுகிறான். துண்டு, அங்கி, சூடு. எல்லாரும் பிழைக்கிறார்கள். மறுநாள் அவன் வீட்டுக்குப் போகிறான். தெர்மோஸ்டாட் அதே இடத்தில் இருக்கிறது. ரித்வா ஆயுள் முழுக்கப் பனிக்கட்டியின் மேல் நிற்க முடியுமா? அடுத்த பத்தியை எழுத முடியவில்லை.

இன்னொன்றில் அவனாகவே ஏறுகிறான். போதும் என்கிறான், சத்தமாக. மகளைத் தூக்கிக்கொள்கிறான். காப்பியில் இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறான். அந்தக் காப்பி எப்படி இருந்தது என்று எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சுவை நினைவில்லை. சர்க்கரை போட்ட காப்பி எப்படி இருக்கும் என்று தெரியாதவன் இந்த முடிவை எழுதக் கூடாது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் உடை மாற்றும் அறையின் கதவு திறக்கிறது. ஒரு வரிதான் எழுதினேன். அதைக் கிழிக்கவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. அது இது:

கதவு திறந்தது, வெறுங்கால் ஒன்று பனியில்

10

சாமி இல்லாதவர்களுக்கு விரதம் எதற்கு என்ற கேள்வி மறுபடி அந்த டப்பாவுக்குள்ளேயே போய்க் கிடக்கிறது. அன்று யாரும் முடிவு சொல்லவில்லை. பயன் உண்டு என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். இறங்கத் தெரிந்திருப்பது நல்லது. மேலே ஆள் இருந்தால்.

எழுதுகிறவன் நீதானே, நீயே சொல்லிவிட வேண்டியதுதானே, ஒரு சொல்தானே என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம். ஆனால் அதைச் சொல்கிறவர் மேலே நிற்க வேண்டும். காலடியில் கெட்டியான பனி இருக்க வேண்டும். நான் இருக்கும் இடத்திலிருந்து ஏணியின் மேல்படி தெரிகிறது. ரித்வாவின் அங்கி தெரிகிறது. அவளுக்குப் பின்னால் அந்தக் கதவு தெரிகிறது.

எனக்கு வலிக்கவில்லை. நன்றாக இருக்கிறேன்.

இத்தனை நேரமாக மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.